ஜிம்மி ஆர்ம்பீல்டும் இரண்டாவது மைலும்

கால்பந்தாட்டம் காணச் செல்வோருட் பெரும்பாலோர் கோல் அடித்தவரையே கொண்டாடுவர். பந்தைத் தடுத்து நின்றவரை, அவர் தவறிய பொழுதன்றி நினையார். பதினொருவருள் பேக் என்று பெயர் பெற்று, கோல்கீப்பருக்கு முன்னே காவல் நிற்போர் நிலை இத்தன்மையது. நூறு முறை பந்தை விலக்கினால் அது கடமை எனப்படும். ஒருமுறை விட்டுவிட்டால் அது குற்றம் எனப்படும். உலகத்திலே காவற்றொழில் பூண்டார் யாவர்க்கும் இதுவே ஊதியம் போலும். அங்ஙனமிருக்க, அத்தொழிலையே மேற்கொண்டு, அதிலிருந்தே முன்சென்று தாக்கும் வழியையும் காட்டி, பதினேழு ஆண்டுகள் ஒரே கழகத்துக்கு ஆடி, தம் நாடு உலகக் கோப்பை வென்ற நாளிலே களத்துக்குப் புறத்தே அமர்ந்திருந்த ஒருவரைக் குறித்து இவ்வாண்டு மலரிலே சில கூற விழைகின்றோம். அவர் இங்கிலாந்து தேசத்து ஜிம்மி ஆர்ம்பீல்டு. 1935ஆம் ஆண்டு பிறந்து, 2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மறைந்தவர்.

ஆர்ம்பீல்டைப் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார், ஆட்டக்காலம் முழுவதும் ஒரே கழகத்தில் நின்ற அவரைப் புகழ்ந்து, பணம் கண்ட இடத்துக்கு ஓடும் இக்காலத்து ஆட்டக்காரரை இகழ்வர். மற்றொரு சாரார், அத்துணைத் திறமை வாய்ந்த ஒருவர் கடற்கரை ஊரின் சிறு கழகமொன்றிலே தங்கிக் கோப்பை ஒன்றேனும் பெறாது ஒழிந்தாரே என்று இரங்குவர். இவ்விரு கூற்றும் அவர் காலத்து ஆட்டக்காரரைப் பிணித்திருந்த விதிகளை மறந்து எழுந்தவை என்பது எமது கருத்து. அவ்விதிகளை அறிந்த பின்னரே அவர் வாழ்வு எவ்வாறு போற்றத்தக்கது என்பது புலனாகும்.

முதற்கண் அவர் தொழிலின் இயல்பை நோக்குவோம். 1925ஆம் ஆண்டு வரையில் ஆப்சைடு விதி இவ்வாறிருந்தது: பந்து தம்மை நோக்கி அனுப்பப்படும்போது, முன்னேறி நிற்கும் ஆட்டக்காரருக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் நடுவே எதிர்க்கட்சியார் மூவர் இருத்தல் வேண்டும். இரண்டு பேக்குகளுள் ஒருவர் காலமறிந்து நாலடி முன்வந்தால் போதும்; தாக்க வந்தவர் விதியை மீறினவராய்விடுவர். நியூகாசில் கழகத்து மக்ராக்கன் என்னும் அயர்லாந்துக்காரர் இவ்வித்தையிலே பேர் பெற்றவர். 1925இல் மூவர் என்பது இருவர் எனத் திருத்தப்படவே, கோல்கள் பெருகின. அதனைத் தடுக்கும்பொருட்டு நடு ஹாப் பின்னிறங்கி மூன்றாம் பேக் ஆனார். மற்றிரு பேக்குகளும் இரு ஓரங்களுக்கும் விலகி, எதிரியின் விங்கர்களை எதிர்த்து நிற்கலாயினர். அன்று முதல் பேக்கின் உலகம் சுருங்கிற்று. எதிரே வரும் ஒரு விங்கரைத் தொண்ணூறு நிமிஷமும் தொடர்ந்து அடக்குவதே அவர் கடன். பந்தைக் கைப்பற்றினால் நெடுந்தூரம் உதைத்து விலக்கிவிட வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிச் செல்லுதல் காவலாளி வாயிலை விட்டகன்றதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது.

இந்த எண்ணம் வேரூன்றியிருந்த காலத்திலே, 1954 டிசம்பர் 27ஆம் தேதி, போர்ட்ஸ்மத் நகரில் ஆர்ம்பீல்டு பிளாக்பூல் கழகத்துக்காக முதன்முதல் ஆடினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே சிறுவராய் அவ்வூருக்கு வந்து சேர்ந்தவர் அவர். அவருக்கு முன்னே வலப்புற விங்கராய் நின்றவர் ஸ்டான்லி மாத்யூஸ். வயதிலே ஆர்ம்பீல்டினும் இருபதாண்டு மூத்தவர். 1953ஆம் ஆண்டுக் கோப்பை இறுதியாட்டத்தால் நாடெங்கும் புகழ் பரந்தவர். மாத்யூஸின் காலிற் பந்து சேர்ந்தவுடன் எதிரிகள் இருவரும் மூவரும் அவரைச் சூழ்வது வழக்கம். அவ்வாறு சூழ்ந்தமையால் வெறுமையான இடம் ஒன்று அவர்க்கு அருகே தோன்றும். அவ்விடத்தை இளைஞர் ஆர்ம்பீல்டு கண்டார். தம் இடத்தினின்றும் புறப்பட்டு, மாத்யூஸைச் சுற்றிக் கடந்து, எதிரியின் எல்லையோரம் வரை ஓடிப் பந்தை வாங்கி, கோல்முகத்துக்கு அனுப்பலானார். பின்னாளில் இதற்கு ஓவர்லாப் என்று பெயரிட்டனர்.

இவ்வழியை முதன்முதற் கண்டவர் ஆர்ம்பீல்டே என்று கூறுவாரும் உளர். 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலே பிரேசில் தேசத்து நில்டன் சாண்டோஸ் என்னும் இடப்புற பேக் ஆஸ்திரியாவுக்கு எதிராக முன்சென்று கோல் அடித்ததும் யாவரும் அறிந்ததே. ஒரு மரம் பல விதைகளால் ஒரே காலத்திற் பல நாடுகளில் முளைத்தலும் உண்டு. ஆகவே முதன்மை யாருடையது என்று வழக்காடுவதிற் பயனில்லை. இங்கிலாந்திலே அதனை வழக்கமாகச் செய்து காட்டி, அது பேதைமையன்று என்று பிறர் ஒப்பச் செய்தவர்களுள் அவர் முன் நிற்பவர் என்பது மட்டும் உறுதி.

இவ்வோட்டத்தின் தன்மையை ஆட்டமாடும் மாணவர் சற்று ஆழ்ந்து நோக்கல் வேண்டும். முன்னே ஓடுதல் அதன் பாதி. திரும்பி ஓடுதல் மற்றப் பாதி. பந்து தவறினால், அவர் விட்டு வந்த இடமே எதிரிக்குத் திறந்த வாயிலாகும். அவ்வளவு தூரம் சென்று, பத்திலே எட்டு முறை பந்து தம்மிடம் வாராமலே போனாலும், எதிரியின் கருத்தைக் கலைத்ததொன்றே பயனாகக் கொண்டு, மறுபடியும் தம் காவலிடத்துக்கு விரைதல் வேண்டும். தம் கழகத்துக்கு 627 ஆட்டங்கள் ஆடியவர் அடித்த கோல்கள் பத்தையும் எட்டவில்லை. கோல் அடித்த பெயர் பிறர்க்கு. ஓடிய களைப்பு தமக்கு. மலைப்பிரசங்கத்திலே, ஒரு மைல் தூரம் பலவந்தமாய் அழைக்கப்பட்டவன் மனமுவந்து இரண்டாவது மைலும் செல்லக்கடவன் என்ற போதனை நம் கல்லூரியாருக்குப் புதிதன்று. காவல் புரிதல் பேக்குக்கு முதல் மைல். அதனை அவர் செய்தே தீரல் வேண்டும். முன்சென்று தாக்குதல் இரண்டாவது மைல். அதனை ஒருவரும் அவரிடம் கேட்டிலர்.

இத்திறத்தால் அவர் 1959 மே 13ஆம் தேதி ரியோ நகரில் பிரேசிலுக்கு எதிராக இங்கிலாந்தின் சார்பில் ஆடத் தொடங்கினார். 1962ஆம் ஆண்டு சிலி தேசத்தில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஆடினார். அவ்வமயம் உலகத்தின் தலைசிறந்த வலப்புற பேக் என்று பத்திரிகையாளர் அவரைப் போற்றினர். அதே ஆண்டு தலைவர் ஜானி ஹெய்ன்ஸ் மோட்டார் விபத்திற் காயமுற்றமையால், தலைமை ஆர்ம்பீல்டைச் சேர்ந்தது. பதினைந்து ஆட்டங்களில் தம் நாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆடியவை மொத்தம் 43.

பின்னர் வந்தது இடையூறு. 1964ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவிலே தொடையிடுக்கிற் கடுங்காயம் நேர்ந்தது. அவர் இல்லாத இடத்திலே புல்ஹாம் கழகத்து ஜார்ஜ் கோஹன் நிறுத்தப்பட்டார். தலைமை பாபி மூரிடம் நிலைத்தது. 1966ஆம் ஆண்டு ஆர்ம்பீல்டு மீண்டும் தகுதி பெற்று, உலகக் கோப்பைக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட இருபத்திருவருள் ஒருவரானார். ஆயினும் போட்டிக்குச் சில நாள் முன்னே பின்லாந்தில் நடந்த ஆட்டத்திற் கால்விரல் காயப்பட்டது. இங்கிலாந்தின் ஆறு ஆட்டங்களிலும் கோஹனே ஆடினார். மேலாளர் ஆல்ப் ராம்சே, தாமும் ஒரு காலத்து வலப்புற பேக்காய் இருந்தவர், விங்கர்களையே விலக்கி ஒரு முறை வகுத்தார். ஓரங்களில் முன்னோடித் தாக்கும் வேலை கோஹன், வில்சன் என்னும் இரு பேக்குகளுக்கும் உரியதாயிற்று. ஆர்ம்பீல்டு பத்தாண்டாய்ச் செய்து காட்டிய வித்தை, அவர் வெளியே அமர்ந்து காண, ஜூலை 30ஆம் தேதி வெம்ப்ளியிலே மேற்கு ஜெர்மனியை 4க்கு 2 என்று வெல்ல உதவிற்று. இறுதியாட்டம் ஆடிய பதினொருவருக்கே அன்று பதக்கம் அளிக்கப்பட்டது.

இதனைக் கண்டு இரங்குவோர்க்கு விடை கூறுமுன், அவர் காலத்து ஆட்டக்காரர் எவ்வாறு கட்டுண்டிருந்தனர் என்பதை விளக்குவோம். 1901ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 1961ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது ஆட்டக்காலத்தில் வாரத்துக்கு 20 பவுன். மாத்யூஸைக் காணத் திரள்திரளாய் ஜனங்கள் கட்டணம் செலுத்தி வந்தனர். மாத்யூஸுக்கோ வரம்புக்கு மேல் ஒரு காசும் கொடுக்கலாகாது. இதனினும் கொடியது மற்றொரு விதி. ஒப்பந்தகாலம் முடிந்த பின்னும், கழகத்தார் ஓர் ஆட்டக்காரரின் பதிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அவருக்குச் சம்பளம் கொடாமலும் இருக்கலாம். அவரோ வேறு கழகத்தில் ஆடலாகாது.

சம்பள வரம்பை எதிர்த்து ஆட்டக்காரர் சங்கத்தார் கூட்டங்கள் கூட்டினர். மான்செஸ்டர் நகரில் நடந்த ஒரு கூட்டத்திலே, இளைஞர் ஒருவர் எழுந்து, சுரங்கத்தில் உழைக்கும் தம் தந்தையார்க்குக் கிடைக்கும் கூலியினும் 20 பவுன் மிகுதியன்றோ என்று வினவினாராம். உடனே போல்டன் கழகத்து டாமி பேங்க்ஸ் என்னும் இடப்புற பேக் எழுந்தார். அவர் தாமும் சுரங்கத்தின் உழைப்பை அறிந்தவர். அத்தந்தையாரின் வேலையைத் தாம் செய்ய ஆயத்தம் என்றும், சனிக்கிழமை பிற்பகல் மாத்யூஸை எதிர்த்து நிற்கும் வேலையை அத்தந்தையார் ஏற்றுக்கொள்வாரா என்றும் கேட்டார். வேலைநிறுத்த அச்சுறுத்தலின் பின் 1961 ஜனவரியில் சம்பள வரம்பு நீங்கிற்று. ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுன் தரப் புல்ஹாம் கழகத்தார் முன்வந்தனர்.

மற்ற விதியைத் தகர்த்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். அவர் 1936ஆம் ஆண்டு பிறந்தது, ஆர்ம்பீல்டு வளர்ந்த அந்தப் பிளாக்பூலிலேயே. நியூகாசில் கழகத்தை விட்டு நீங்க விரும்பிய அவரைக் கழகத்தார் விடவில்லை. அவர் 1960ஆம் ஆண்டிலே ஆட்டத்தையே நிறுத்தி, தென்னிங்கிலாந்துக்குச் சென்று, தக்கை விற்கும் வேலையில் அமர்ந்து மாதக்கணக்காய்க் காத்திருந்தார். ஈற்றில் ஆர்சனல் கழகத்துக்கு மாற்றப்பட்ட பின்னும், தம் தோழர் அனைவர்க்கும் பொதுவான நீதியை வேண்டி வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963 ஜூலை 4ஆம் தேதி, ஆட்டக்காரரை இவ்வாறு பிணித்து வைத்தல் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்திற் பல்லாண்டு போராடிய வில்லியம் வில்பர்போர்ஸின் பேரனுக்குப் பேரன் இந்நீதிபதி. கால்பந்தாட்டக்காரரின் குறையை அடிமைகள் பட்ட துயரோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் மனிதனுடைய உழைப்பு அவன் மனத்தைக் கேளாமல் பிறருக்குச் சொந்தமாதல் கூடாதென்னும் கொள்கை இரண்டிடத்தும் ஒன்றே.

இப்பொழுது எமது கருத்தை வெளிப்படையாய்ச் சொல்வோம். 1963க்கு முன் ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்திலே நிலைத்திருந்தமை கொண்டு, அவர் விசுவாசமுள்ளவர் என்று துணிதல் இயலாது. பூட்டிய வீட்டில் இருப்பவரை, வீட்டை விட்டு வெளிப்போகாத நல்லவர் என்று புகழ்வார் உண்டோ? ஆர்ம்பீல்டின் முதல் எட்டு ஒன்பது ஆண்டுகள் பலவந்தமான முதல் மைலிலே சேரும். அவ்வாண்டுகளில் அவர் மனம் எத்தகையதென்று சட்டமே நம்மை அறியவொட்டாது மறைத்து நின்றது.

அதன் பின் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 1966 ஆகஸ்டில், உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் விளங்கிய பிளாக்பூல் இளைஞர் ஆலன் பால், லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு எவர்ட்டன் கழகத்துக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு பிளாக்பூல் கழகம் முதல் வகுப்பினின்றும் இறங்கிற்று. நாட்டுக்குத் தலைவராய் இருந்த ஒருவரை வேண்டும் கழகங்கள் இல்லாமற்போகா. எனினும் முப்பத்தோரு வயதான ஆர்ம்பீல்டு அக்கழகத்தோடு இரண்டாம் வகுப்புக்கு இறங்கினார். அங்கே மூன்றாண்டு உழைத்து, 1970இல் கழகம் மீண்டும் ஏறக் கண்டார். 1971 மே 1ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு எதிராகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடியபொழுது, அக்கழகம் மறுபடியும் இறங்கும் நிலையில் இருந்தது. இவ்வாண்டுகளே இரண்டாவது மைல். இவற்றிலே புகழும் இல்லை, கோப்பையும் இல்லை. ஆதலின் இவை மனமுவந்து நடந்தவை என்பதில் ஐயமில்லை.

இதற்கொரு மறுப்பு எழக்கூடும். 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பால் கதவு முழுதும் திறந்துவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவர் வேறு கழகம் தேடிச் செல்லும் உரிமை 1978இலும், விலையின்றிச் செல்லும் உரிமை 1995ஆம் ஆண்டு போஸ்மன் வழக்கினாலுமே கைகூடின. அன்றியும் ஆர்ம்பீல்டுக்கு அவ்வூரிலே மனை இருந்தது. பத்திரிகைத் தொழிலும் பயின்றிருந்தார். இவற்றை யாம் மறுக்கின்றிலோம். ஒரு செயலுக்குப் பல காரணங்கள் உளவாதல் உலக இயல்பு. ஆயினும் தாழ் நீங்கிய கதவைத் தள்ளிப் பார்க்காமலே உள்ளே தங்கியவரும், தாழிட்ட கதவினுள் கிடந்தவரும் ஒருவராகார்.

ஆதலால் ஆர்ம்பீல்டைப் புகழ்வோர் ஈஸ்ட்ஹாமை மறத்தல் நன்றியின்மையாகும். ஒருவர் போனார், ஒருவர் நின்றார். போனவர் போராடிப் பெற்ற உரிமையே நின்றவரது நிலைக்குப் பெருமை தந்தது. ஓரூரின் வளர்ப்பாகிய இவ்விருவரும் 1966ஆம் ஆண்டு இருபத்திருவருள் இடம்பெற்று, ஓர் ஆட்டமும் ஆடாமல் இருந்தமையும் நினைக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டிலேதான் ஆடாதவர்க்கும் பதக்கம் வழங்கப்பெற்றது. நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருந்த பதக்கம்! களத்தில் ஆடி அன்றே பதக்கம் பெற்ற கோஹன் பிற்காலத்தில் அதனை விற்கும்படி நேர்ந்தது. வாங்கியது அவரது பழைய புல்ஹாம் கழகமே. பதக்கம் ஒருவர் வாழ்வை அளக்கும் கோலாகாது என்பதற்கு இஃதொன்றே சாலும்.

ஆட்டத்தை விட்ட பின்னும் ஆர்ம்பீல்டு பேக்காகவே வாழ்ந்தார் எனலாம். போல்டன் கழகத்தின் மேலாளராய் அதனை 1973இல் மூன்றாம் வகுப்பில் முதலிடத்துக்கு உயர்த்தினார். 1974இல் கலங்கிக் கிடந்த லீட்ஸ் கழகத்தை ஏற்று, 1975 மே மாதம் பாரிஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். அங்கே தோல்வியோடு பழியும் சேர்ந்தது. ரசிகர் செய்த கலகத்துக்காக அக்கழகத்துக்கு ஐரோப்பியப் போட்டிகளில் நான்காண்டுத் தடை விதித்தனர். பிறர் செய்த குற்றத்துக்குத் தாம் சென்று முறையிட்டு, அத்தடையை இரண்டாண்டாகக் குறைப்பித்தவர் ஆர்ம்பீல்டு. பின்னர் முப்பதாண்டுக்கு மேலாய் வானொலியில் அமைந்த குரலால் ஆட்டங்களை விளக்கினார். ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலே பிளாக்பூல் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். ஆர்கன் வாசிப்பவரும் ஒருவகை பேக்கே. சபையார் பாடுகின்றனர், பாட்டைத் தாங்கி நிற்பவரை அவர் தவறினாலன்றி எவரும் திரும்பிப் பாரார்.

இக்காலத்திலே நிலைமை முற்றும் மாறிற்று. பேக்குகளே தாக்குதலின் ஊற்றாயினர். 2018–19ஆம் ஆண்டுப் பருவத்தில் லிவர்பூல் கழகத்தின் ட்ரெண்ட் அலெக்சாண்டர்-அர்னால்டு என்னும் வலப்புற பேக், பிறர் கோல் அடிக்க உதவிய பந்துகள் பிரீமியர் லீக்கில் மட்டும் 12. லிவர்பூலிலே பிறந்து, சிறுவயது முதல் அக்கழகத்தில் வளர்ந்து, அதற்குப் பல வெற்றிகளை ஈட்டித் தந்த அவர், 2025ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடியுந் தறுவாயில் ரியல் மாட்ரிட் கழகத்துக்குச் செல்லத் துணிந்தார். அதற்காகச் சொந்த ஊர் ரசிகர் சிலரே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் யாம் பங்கு கொள்ளோம். போகும் உரிமையை மதியாதவர், நிற்பவரது அன்பை எவ்வாறு மதிப்பர்? நின்றவரைப் புகழலாம், போனவரைப் பழித்தலால் அப்புகழ் வளராது.

கல்லூரி, தேவாலயம், அரசாங்க அலுவலகம், வியாபார நிலையம் ஆகிய எவ்விடத்தும் நெடுங்காலம் ஊழியம் செய்தோர்க்கு விழா எடுத்து மாலை சூட்டுகின்றோம். அது செய்யத்தக்கதே. ஆயினும் மாலை சூட்டுமுன், அவர்க்குக் கதவு திறந்திருந்ததா என்று நிலையத்தார் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நலம். வேறிடம் செல்ல வழியின்மையால் தங்கினவரது பொறுமையைத் தம் பெருமையாக எண்ணும் நிலையம், முதல் மைலை இரண்டாவது மைலென்று கணக்கெழுதுகின்றது. தக்க ஊதியமும் போகும் உரிமையும் கொடுத்த பின் எவரேனும் நின்றால், அந்நிலையம் மெய்யாகவே பேறு பெற்றது.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் விரைவில் இம்மதிலைக் கடந்து செல்வீர்கள். செல்லும் இடத்திலே கட்டாயத்தால் செய்யும் பணியும் உண்டு, ஒருவரும் கேளாமற் செய்யும் பணியும் உண்டு. முன்னதைக் குறைவறச் செய்யுங்கள். அதன் நிபந்தனைகள் நீதியற்றவையாயின் ஈஸ்ட்ஹாமைப் போல் எதிர்த்துரைக்கவும் அஞ்சாதீர்கள். பின்னதை நீங்களே தெரிந்தெடுங்கள். தம் காவலிடத்தைக் காத்தபடியே வெறுமையான இடத்தைக் கண்டு முன்னோடி, பந்து வரினும் வாராதொழியினும் மீண்டும் தம் இடத்துக்கு ஓடி வந்த அந்தப் பிளாக்பூல் பேக்கை அப்பொழுது நினைத்துக்கொள்ளுங்கள்.